சௌந்தர்யா விமான விபத்து: நூறடி உயரத்தில் பைலட்டால் என்ன செய்ய முடியும்?

சேலத்து சுப்பு:
விமானம் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். நடிகை சௌந்தர்யா இறந்த விபத்தைப் பற்றி வாட்ஸப்பில் மறுபடியும் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னணி இசையெல்லாம் போட்டு, மேலே கிளம்பின விமானம் சும்மா விழுமா என்று கேட்கிறான். 2004 ஏப்ரல் 17, பெங்களூரு ஜக்கூர் விமான தளம், காலை 11.05க்குக் கிளம்பிய செஸ்னா 180. ஏறியது சுமார் நூறடிதான், உடனே பக்கத்து விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்துவிட்டது. அவர், அவருடைய சகோதரர் அமர்நாத், ஒரு கட்சி நிர்வாகி, பைலட், நாலு பேருமே போய்விட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் கேள்வி வேறு. நூறடி என்றால் பத்து மாடி உயரம். இன்ஜினே நின்றாலும் இறக்கை இருக்கிறதே, அப்படியே மிதந்து வந்து கிளம்பிய ஓடுபாதையிலேயே இறங்க முடியாதா?

கொங்கு குசும்பன்:
அட அது விபத்தே இல்லீங்க. நிலத் தகராறு. தோண்டினால் பெரிய பெரிய ஆள் எல்லாம் வருவான்.

வசந்தி ஜாலஹள்ளி:
குசும்பன், அந்தப் புகார் எப்போது கிளம்பியது தெரியுமா? 2025ல். விபத்து நடந்து இருபத்தோரு வருஷம் கழித்து. அது வந்தவுடனே சௌந்தர்யாவின் கணவரே, அப்படி எந்த நிலப் பிரச்சினையும் எங்களுக்கு இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார். அவரைவிட உங்களுக்கும் காணொளி போட்டவனுக்கும் அதிகம் தெரியுமா? செத்துப்போனவரை வைத்து வியூஸ் சம்பாதிக்கிறவனுக்கு இங்கே விளம்பரம் வேண்டாம்.

சுப்பு, இடம் தெரிந்தால் பாதி புரியும். நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். ஜக்கூர் ஓடுபாதை கிழக்கு மேற்காகப் போகும். மேற்குப் பக்கம் பெல்லாரி சாலை, சாலையைத் தாண்டினால் ஜிகேவிகே, அதாவது நீங்கள் சொன்ன விவசாயப் பல்கலைக்கழகம். ஆக, ஓடுபாதை முடிந்த கையோடு விழுந்திருக்கிறது. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான் முதலில் ஓடிப்போனார்கள். விழுவதற்கு முன்னால் விமானம் தள்ளாடியது என்று அதில் ஒருவர் சொன்னது அப்போதே பேப்பரில் வந்தது.

ஓடுபாதை ஓரம்:
தள்ளாடியது என்று வசந்தி அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எனக்கு விமானம் ஓட்டுகிற தனி உரிமம் இருக்கிறது, தொழில்முறை பைலட் இல்லை. பெரும்பாலும் செஸ்னா 172. நாலு இருக்கை, ஒற்றை இன்ஜின், 180க்குத் தம்பி மாதிரி. அதனால் 172 கணக்கையே சொல்கிறேன்.

இன்ஜின் நின்றால் சின்ன விமானம் கல் மாதிரி விழாது, சுப்பு சொன்ன மாதிரி மிதக்கும். ஒரு அடி இறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னால் போகும். ஆனால் அதற்கு வேகம் மணிக்கு 125 கிலோமீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வேகம் இல்லையென்றால் மிதப்பதும் இல்லை. நூறடி என்றால் 30 மீட்டர். ஒன்பதால் பெருக்குங்கள், 270 மீட்டர். 125 கிலோமீட்டர் வேகத்தில் 270 மீட்டரை எட்டு வினாடியில் தாண்டிவிடுவோம். அவ்வளவுதான் கையில் இருக்கும் நேரம். அதிலும் முதல் மூன்று வினாடி, "என்னடா சத்தம் மாறிடுச்சு" என்று மூளை நம்புவதற்கே போய்விடும்.

இப்போது திரும்பி வருகிற கதை. 45 பாகை சாய்த்துத் திருப்பினால் அந்த வேகத்தில் வட்டத்தின் ஆரம் சுமார் 125 மீட்டர். அரை வட்டம் சுற்றவே கிட்டத்தட்ட 390 மீட்டர் போக வேண்டும். நமக்கு இருப்பதோ 270. அரை வட்டம் சுற்றினாலும் ஓடுபாதைக்கு நேராக வரமாட்டோம், பக்கத்தில் தள்ளித்தான் வருவோம், அதைச் சரிசெய்ய இன்னும் திருப்ப வேண்டும். திருப்பும்போது இறக்கம் இன்னும் வேகமாக இருக்கும். கணக்கிலேயே முடியாது.

சேலத்து சுப்பு:
சரி, திரும்ப முடியாது. அப்படியானால் தள்ளாடுவது எதனால்?

ஓடுபாதை ஓரம்:
அதுதான் ஆளைக் கொல்கிற விஷயம். இறக்கை காற்றை ஒரு அளவான கோணத்தில் வெட்டிக்கொண்டு போனால்தான் தூக்கும். மூக்கை ரொம்ப நிமிர்த்தினால், சுமார் 15, 16 பாகைக்கு மேல் போனால், மேல் பக்கக் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். இதற்கு ஸ்டால் என்று பேர். இன்ஜின் நன்றாக உறுமிக்கொண்டிருந்தாலும் ஸ்டால் ஆகும், அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை. ஒரு பக்க இறக்கை முதலில் விட்டுவிட்டால் அந்தப் பக்கம் சரிந்து, மூக்கு குத்தி விழும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது தள்ளாட்டமாகத்தான் தெரியும். மூவாயிரம் அடியில் இதைப் பயிற்சியாகவே செய்வோம், மூக்கைத் தாழ்த்தினால் சில நூறு அடியில் மீண்டுவிடும். நூறடியில் எங்கே போய் மீள்வது?

172ஐ நேராக ஓட்டும்போது 89 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும். 45 பாகை சாய்த்தால் அது 19 சதவீதம் கூடும், 60 பாகை சாய்த்தால் 41 சதவீதம். அதாவது பதறிப்போய் சடாரென்று திருப்புகிறவன், தானே எல்லையைத் தூக்கித் தன் கழுத்துக்குக் கொண்டுவருகிறான்.

பயிற்சி சமயத்தில் என் ஆசிரியர் ஒருநாள் கிளம்பின கொஞ்ச நேரத்தில், 500 அடி இருக்கும், எதுவும் சொல்லாமல், இன்ஜின் பலத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை முழுசாகப் பின்னால் இழுத்து அடக்கிவிட்டார். எதிரே மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கிறது, சத்தம் அடங்குகிறது, காற்றின் இரைச்சல் குறைகிறது. அப்போது கை தானாகக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை நெஞ்சுப் பக்கம் இழுக்கப் பார்க்கும், தரை வந்துவிடக்கூடாது என்று. செய்ய வேண்டியது நேர் எதிர். முன்னால் தள்ள வேண்டும். ஜன்னல் முழுக்கத் தென்னந்தோப்பு தெரிகிற அளவுக்கு, நாம் பயப்படுகிற தரையை நோக்கியே தள்ள வேண்டும். அவர் இரண்டே வார்த்தைதான் சொல்வார்: "நேரா இறங்கு". வயலோ, ரோடோ, முள்ளுக்காடோ, மூக்குக்கு முன்னால் இந்தப் பக்கம் முப்பது அந்தப் பக்கம் முப்பது பாகைக்குள் எது கிடைக்கிறதோ அதில் இறங்கு, திரும்பாதே. விமானம் நொறுங்கலாம், ஆனால் கட்டுப்பாட்டோடு தரை தொட்டால் ஆள் பிழைக்க வாய்ப்பு நிறைய. ஸ்டால் ஆகி விழுந்தால் அநேகமாக இல்லை.

ஸ்பேனர் செல்வம்:
ஐயா எழுதியது சரி. நான் இன்ஜின் பக்கத்து ஆள், இப்போது வேறு வேலை. கிளம்பினவுடனே இன்ஜின் ஏன் நிற்கிறது என்று நான் சொல்கிறேன். முதல் சந்தேகம் எப்போதும் எண்ணெய் மேல்தான். இந்த விமானங்கள் ஏவ்கேஸ் என்கிற பெட்ரோலில் ஓடுகின்றன, பார்க்க வெளிர் நீலமாக இருக்கும், சாயம் போட்டது. தினமும் முதல் பறப்புக்கு முன்னும், ஒவ்வொரு தடவை எண்ணெய் போட்ட பிறகும், இறக்கைக்கு அடியில் ஒரு வால்வு இருக்கும், அதைக் குத்திக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் நீலத்துக்கு அடியில் நிறமே இல்லாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு கூத்து உண்டு. குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் எல்லை தெரியாது, புதுசாக வந்த பையன் "சுத்தமாக இருக்கு" என்று போய்விடுவான். அதனால் நிறம் பார், மோந்து பார், விரலில் தடவிப் பார் என்று சொல்வோம். மழைக்காலத்தில் டேங்க் மூடி ரப்பர் காய்ந்திருந்தால் ராத்திரி பெய்த மழை முழுக்க உள்ளே இருக்கும். அந்தத் தண்ணீர் ஓடுபாதையில் ஓடும்வரை டேங்க் அடியில் சும்மா கிடந்துவிட்டு, மூக்கு நிமிர்ந்தவுடன் நகர்ந்து குழாய்க்கு வரும். அதுதான் கிளம்பிய உடனே நிற்கிற ரகசியம்.

இன்னொன்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரில் ஐஸ். நம்ம ஊரில் ஐஸா என்று சிரிக்காதீர்கள். உள்ளே பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ந்து, வெளியே 25 பாகை வெயில் இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் ஐஸ் பிடிக்கும். 180ல் இருக்கிற ஆறு சிலிண்டர் கான்டினென்டல் இன்ஜினுக்கு அந்த வியாதி கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஓடுபாதை முனையில் வரிசையில் காத்திருக்கும்போதே பிடித்துவிடும்.

கொங்கு குசும்பன்:
இன்ஜின்தான் நின்றது என்று எப்படி முடிவு பண்ணினீங்க?

ஸ்பேனர் செல்வம்:
தம்பி, நான் ஜக்கூர் விமானத்தைச் சொல்லவே இல்லை. இன்ஜின் நின்றால் எதனால் நிற்கும் என்று பொதுவாகச் சொன்னேன். படித்துவிட்டுக் கேளுங்க.

மதுரை மீனா:
இன்ஜின் ஒழுங்காக ஓடியே விழுந்த கதை ஒன்று இருக்கிறதே, ஆலியா. 2001 ஆகஸ்ட் 25, பஹாமாஸில் மார்ஷ் ஹார்பர். 22 வயசு அமெரிக்கப் பாடகி, பாட்டுப் படப்பிடிப்பு முடித்துவிட்டு மியாமி திரும்புகிறார். மறுநாள் போவதாக இருந்ததை, வேலை சீக்கிரம் முடிந்தது என்று அன்றைக்கே கிளம்பினார்கள். வந்தது செஸ்னா 402, இரண்டு இன்ஜின். படப்பிடிப்புச் சாமான், பெட்டிகள் எல்லாம் ஏற்ற வேண்டும் என்று இவர்கள், முடியாது பாரம் அதிகம் என்று பைலட், வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் பைலட் விட்டுக்கொடுத்துவிட்டார். அனுமதித்த எடையைவிட சுமார் 700 பவுண்ட், அதாவது 300 கிலோவுக்கு மேல் அதிகம். ஆள் எண்ணிக்கையும் ஒன்று கூட. ஓடுபாதை முனையிலிருந்து 200 அடி தள்ளி விழுந்து ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்த பைலட்டுக்கு அந்த விமானத்தை ஓட்ட அனுமதியே கிடையாது, உடம்பில் கொக்கெய்னும் மதுவும் இருந்தது என்பதெல்லாம் பிறகு வெளியே வந்தது.

நான் அப்போது கல்லூரியில் இருந்தேன், அந்தப் பாட்டெல்லாம் கேஸட்டில் தேயத் தேயக் கேட்ட கூட்டம் எங்களுடையது. ஓரம் சார், 300 கிலோ என்பது இரண்டு இன்ஜினுக்கு அவ்வளவு பெரிய விஷயமா?

ஓடுபாதை ஓரம்:
எடையைவிட அது எங்கே இருந்தது என்பதுதான் அங்கே முக்கியம். பெட்டிகளைப் பின்னால் அடைத்ததில் புவியீர்ப்பு மையம் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. வால் கனத்தால் மூக்கு தானாக நிமிரும். பைலட் முன்னால் தள்ளினாலும் தாழாது. அப்புறம் மேலே சொன்ன அதே ஸ்டால். அதாவது சக்கரம் தரையை விடும் வரைக்கும் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், விட்ட பிறகு செய்ய ஒன்றும் இருக்காது.

இந்த விபத்துகளில் எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். விழுவது காற்றில், முடிவானது தரையில். யார் ஏறுவது, எவ்வளவு எண்ணெய், என்ன வெயில், யாருக்கு என்ன அவசரம், எல்லாம் இன்ஜின் போடுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

நாலு இருக்கை விமானம் என்றால் நாலு பேர் போகலாம் என்று அர்த்தமே இல்லை. 172ல் மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக்கூடாது. வெறும் விமானம் மட்டும் 750 கிலோ பக்கம். டேங்க் நிரப்பினால் 200 லிட்டர், 144 கிலோ. மிச்சம் என்ன? 260 கிலோ. பைலட்டையும் சேர்த்து மூன்று ஆள், ஒரு பை. நாலாவது இருக்கை சும்மா இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். நாலு பேர் போயே ஆக வேண்டுமென்றால் எண்ணெயைக் குறைத்து, நடுவில் எங்காவது இறங்கி நிரப்ப வேண்டும்.

வசந்தி ஜாலஹள்ளி:
இங்கே ஒன்று சேர்க்க வேண்டும். அவர்கள் போய்க்கொண்டிருந்தது கரீம்நகருக்கு, தேர்தல் பிரசாரத்துக்கு. நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். முதல் கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 20, கிளம்பினது 17. எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதை ஓரம்:
ஆமாம், 600 கிலோமீட்டர் என்றால் 180க்கு இரண்டரை மணி நேரமாவது ஆகும், அதற்குத் தேவையான எண்ணெயோடுதான் கிளம்பியாக வேண்டும். செஸ்னாவில் டேங்க் இறக்கைக்குள்ளேயே இருக்கிறது, ஆட்கள் தலைக்கு மேல். விழுந்தவுடன் ஏன் அப்படி எரிகிறது என்று காணொளிக்காரன் கேட்பதற்கு இதுதான் பதில். கிளம்பிய விமானத்தில் எண்ணெய் முழுசாக இருக்கும், இறங்க வருகிற விமானத்தில் தீர்ந்திருக்கும். குண்டு ஒன்றும் தேவையில்லை.

வெயிலையும் மறந்துவிடக்கூடாது. பெங்களூரு சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கணக்குப்படி 9 பாகைதான் இருக்க வேண்டும். ஏப்ரல் முற்பகலில் 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி கூட்டினால், விமானத்தைப் பொறுத்தவரை அது 5,500 அடி உயரத்திலிருந்து கிளம்புகிறது. காற்று மெலிந்துபோகிறது. இன்ஜின் பலத்தில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும், இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, புரொப்பெல்லருக்கும் குறைவு. அதனால்தான் பெங்களூரில் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்கள்.

நியாயவிலைக் கடை:
நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி, பயணி அவசரப்படுத்தினார், அதனால் செத்தார் என்று வருகிறீர்கள். இது இறந்தவர் மேல் பழி போடுவது இல்லையா? சௌந்தர்யாவுக்கு விமான எடைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டுமா? அவர் நடிகை. பஸ்ஸில் ஏறுகிறவன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டா ஏறுகிறான்? பைலட் முடியாது என்று சொல்ல வேண்டும், அனுப்புகிற கம்பெனி சொல்ல வேண்டும், அரசு கண்காணிக்க வேண்டும். இந்தியாவில் விபத்து விசாரணைக்கென்று தனியாக ஏஏஐபி என்கிற அமைப்பு வந்ததே 2012ல்தான். அதற்கு முன்பு உரிமம் கொடுக்கிற விமானத் துறை இயக்குநரகமான டிஜிசிஏவே விசாரணையையும் பார்த்துக்கொண்டிருந்தது. இதைப் பேசாமல் பயணியைப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

மதுரை மீனா:
கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆலியா கூட்டம் பெட்டியை ஏற்றச் சொல்லி சண்டை போட்டது தப்புதான். ஆனால் அங்கே ஒழுங்கான பைலட் இருந்திருந்தால், "ஏறினால் ஏறு, இல்லாவிட்டால் போ" என்று சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

ஓடுபாதை ஓரம்:
சட்டப்படி கடைக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கதவு மூடினபிறகு எல்லாப் பொறுப்பும் பைலட்டுடையது. பிரதமரே உட்கார்ந்திருந்தாலும் முடிவு அவனுடையது. ஆனால் பழி போடுவது வேறு, நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது வேறு. விசாரணைக்காரர்களே இதை எழுதியிருக்கிறார்கள். ஜெசிகா டுப்ராஃப் விபத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1996, அமெரிக்கா. ஏழு வயசுப் பெண் குழந்தை. நாலு அடிச் சொச்சம் உயரம், ஜன்னலுக்கு வெளியே தெரிய மெத்தை போட்டு உட்கார்ந்து, பெடலுக்குக் கால் எட்ட நீட்டிப்புக் கட்டை வைத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவில் கிளம்பி அட்லாண்டிக் கரைக்குப் போய்த் திரும்பி வரப்போகிறாள் என்று அறிவிப்பு. எட்டு நாளில் 6,900 மைல். கூடவே அவளுடைய அப்பாவும், 52 வயசுப் பயிற்சி பைலட்டும். இத்தனைக்கும் கின்னஸ்காரர்கள் இளம் பைலட் என்கிற பிரிவையே பல வருஷம் முன்னால் தூக்கிவிட்டார்கள். ஆனாலும் டிவி, ரேடியோ, பேப்பர் எல்லாம் பின்னாலேயே வந்தது. ஏபிசி டிவி கேமராவையே கொடுத்து அனுப்பியது, பயணத்தை நீங்களே படம் எடுங்கள் என்று.

முதல் நாள் ராத்திரி வயோமிங் மாநிலத்தில் ஷையென் என்கிற ஊரில் தங்கினார்கள். அந்த விமான தளமே 6,000 அடிக்கு மேல். மறுநாள் ஏப்ரல் 11 காலையில் இடி மழை வந்துகொண்டிருக்கிறது. உள்ளூர் ரேடியோக்காரர் பேட்டி எடுத்துவிட்டு, இருந்துவிட்டுப் போங்களேன் என்று அழைத்தார். இல்லை, மழை வருவதற்குள் முந்திவிடுகிறோம் என்றார் பைலட். விமானமோ அனுமதித்த எடையைவிட 96 பவுண்ட் அதிகம். அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பிய இன்னொரு விமானத்தின் பைலட், காற்று ஒரேயடியாகக் கூடிக் குறைகிறது என்று ரேடியோவில் எச்சரித்தார். கேட்டும் கிளம்பினார்கள். 8.24க்கு, ஓடுபாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு குடியிருப்புத் தெருவில் விழுந்தது. மூன்று பேரும் இறந்துவிட்டார்கள்.

என்டிஎஸ்பி, அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பு, அறிக்கையில் முதல் காரணமாகச் சொன்னது பைலட்டின் முடிவைத்தான். மோசமாகிக்கொண்டிருந்த வானிலை, அதிக எடை, பழக்கமில்லாத மெல்லிய காற்று, இதற்குள் கிளம்பினார், வேகம் இழந்து ஸ்டால் ஆனார் என்று. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மிதமிஞ்சிய பயணத் திட்டத்தைக் காப்பாற்ற நினைத்ததும், அதற்கு ஒரு பகுதி ஊடகங்களுக்குக் கொடுத்திருந்த வாக்கு காரணம் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அந்தக் குழந்தை மேலோ அப்பா மேலோ பழி போடவில்லை. நெருக்கடியையும் காரணப் பட்டியலில் எழுதினார்கள், அவ்வளவே. அதே வருஷம் அமெரிக்காவில் சட்டம் வந்தது, சாதனைக்காக என்று சொல்லி உரிமம் இல்லாதவர் கையில் பைலட் கட்டுப்பாட்டைக் கொடுக்கக்கூடாது என்று.

நியாயவிலைக் கடை:
அந்த விபத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்ம ஊரில் நெருக்கடி என்பது வேறு ரகம். அங்கே பைலட் "மாட்டேன்" என்றால் அடுத்த நாளும் வேலை இருக்கும். இங்கே தேர்தல் நேரத்தில் ஒரு சின்ன கம்பெனி பைலட் பெரிய மனுஷனிடம் "இன்றைக்கு முடியாது" என்று சொல்லிவிட்டு சம்பளம் வாங்கிவிடுவானா? அடுத்த வாடகையே வராது. நீங்கள் சொல்கிற "தரையில் முடிவானது" என்பது முதலாளியின் கல்லாப்பெட்டியில் முடிவானது. அதை எழுதுங்கள்.

ஸ்பேனர் செல்வம்:
இதில் நான் கடைக்காரர் பக்கம். "இன்னும் ஒரு தடவை ஓட்டிட்டு வந்து பார்த்துக்கலாம் செல்வம்" என்கிற வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அதற்கு மேல் எழுதினால் ஊர் பேர் கேட்பீர்கள், விடுங்கள்.

தேனி தென்றல்:
சஞ்சய் காந்தியும் கிளம்பின கொஞ்ச நேரத்தில்தானே விழுந்தார்? அதுவும் இதே கதையா?

ஓடுபாதை ஓரம்:
இல்லைங்க. 1980 ஜூன் 23, டெல்லி சஃப்தர்ஜங் விமான தளம். அது பிட்ஸ் எஸ்-2ஏ, வித்தை காட்டுவதற்கென்றே செய்த விமானம். வானத்தில் சுழன்று வித்தை செய்யும்போது உயரம் போதாமல் விழுந்தார். அதைக் கிளம்பும்போது நடந்த விபத்தோடு சேர்க்க முடியாது. அகமதாபாத் விபத்தையும் யாராவது கேட்பீர்கள், அது போயிங் 787, அந்த அளவு விமானங்களுக்கு இந்த எட்டு வினாடிக் கணக்கெல்லாம் பொருந்தாது. அதற்குத் தனி இழை இருக்கிறது.

கொங்கு குசும்பன்:
எல்லாம் சரி சார். இவ்வளவு எழுதினீங்க, கடைசியில் ஜக்கூரில் நடந்தது என்ன என்று ஒரே வரியில் சொல்லலாமே.

ஓடுபாதை ஓரம்:
ஒரே வரியில் சொல்கிறவன்தான் அந்தக் காணொளி போட்டவன். நான் சொல்ல வந்தது, நாலு பேர், தூரப் பயணத்துக்கான எண்ணெய், மூவாயிரம் அடி ஊர், ஏப்ரல் வெயில், நூறடி உயரம். இத்தனையும் சேர்ந்திருக்கிற இடத்தில் இன்ஜின் ஒரு நொடி இருமினாலும் சரி, ஒரு காற்று அடித்தாலும் சரி, பைலட் கை ஒரு அங்குலம் அதிகமாக இழுத்தாலும் சரி, விமானம் விழலாம். "சும்மா விழுமா" என்றால், சும்மாவே விழும். அதற்கு வில்லன் வேண்டியதில்லை.

வசந்தி ஜாலஹள்ளி:
நன்றி சார். 1993ல் பொன்னுமணியில் தொடங்கி அருணாச்சலம், காதலா காதலா, படையப்பா என்று நம்ம வீட்டுப் பெண் மாதிரி இருந்தவர். கன்னடத்தில் அவர் தயாரித்து நடித்த த்வீபா தேசிய விருதில் சிறந்த படமாக வந்தது, இங்கே இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். அந்தக் காணொளியில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சேலத்து சுப்பு:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, கொஞ்சம் சொந்த விஷயம். அடுத்த மாதம் ஒரு இடத்தில் சின்ன விமானத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்களாம், மச்சான் டிக்கெட் போட்டுவிட்டான். இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போகலாமா வேண்டாமா?

ஓடுபாதை ஓரம்:
தாராளமாகப் போங்கள், அழகான அனுபவம். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஏறுவதற்கு முன் உங்கள் எடையைக் கேட்கிறார்களா பாருங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு ஐந்து கிலோ குறைக்காதீர்கள். எடை மெஷினிலேயே ஏற்றினால் இன்னும் நல்லது, அந்த இடம் ஒழுங்கான இடம். எடையே கேட்காமல் "ஏறுங்க ஏறுங்க" என்றால் காசு போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்துவிடுங்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள். பைலட் காற்று சரியில்லை, ஒரு மணி நேரம் ஆகும் என்றால் "எங்களுக்கு பஸ் இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்பேனர் செல்வம்:
பைலட் இறக்கைக்கு அடியில் குனிந்து குப்பியில் எண்ணெய் பிடிக்கிறாரா என்றும் பாருங்க. பிடிக்கவில்லை என்றால் "அது என்ன சார் நீல கலர்ல பிடிப்பாங்களாமே" என்று தெரியாத மாதிரி கேளுங்க.

சேலத்து சுப்பு:
சரிங்க. நான் 82 கிலோ, மச்சான் 96. தங்கச்சியும் வருகிறேன் என்கிறாள், அவள் ஒரு 60 இருப்பாள். என்ன விமானம் என்று கேட்டேன், நீங்கள் சொன்ன அதே 172தான்.

ஓடுபாதை ஓரம்:
பைலட் ஒரு 75 என்று வைத்தால் மொத்தம் 313. முழு டேங்க் போட்டிருந்தால் ஒருவர் கீழே நிற்க வேண்டியதுதான். ஊரைச் சுற்ற அரை மணி நேரத்துக்கு அவ்வளவு எண்ணெய் தேவையில்லை, அதனால் பாதி டேங்க் மட்டும் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் மச்சானை அடுத்த ரவுண்டில் ஏறச் சொல்லுங்கள், டிக்கெட் போட்டவர்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.